பாலைவன விமானத் தளத்துக்கு வேலைக்குப் போகிறீர்களா? முதல் மாதத்துக்கான கையேடு

வளைகுடாவில் இருக்கும் அமெரிக்க விமானத் தளங்களில் சிப்பாய்கள் மட்டும் இருப்பதில்லை. சமையல், சலவை, துப்புரவு, ஏசி, மின்வேலை, கிடங்கு, லாரி என்று தளத்தை அன்றாடம் ஓட்டுகிறவர்களில் இந்தியா, இலங்கை, நேபாளம், பிலிப்பைன்ஸ் ஆட்கள் நிறையப் பேர். அங்கே இவர்களுக்கு ‘டிசிஎன்’ என்று பெயர். தளத்தின் நாட்டையும் சேராத, அமெரிக்காவையும் சேராத மூன்றாம் நாட்டவர் என்று பொருள். கத்தாரின் அல் உதைத், குவைத்தின் அலி அல் சலேம், அமீரகத்தின் அல் தஃப்ரா, சவூதியின் பிரின்ஸ் சுல்தான் என்று தளத்துக்குத் தளம் சின்னச் சின்ன விதிகள் மாறும். அடிப்படை ஒன்றுதான்.

போன முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்குப் போய் நின்றாலும் நான்கு கேள்விகள்: தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, பங்கர் (தாக்குதலின்போது ஒதுங்கும் கான்கிரீட் மறைவிடம்) எங்கே, என் பேட்ஜ் (தளத்துக்குள் நுழையும் அடையாள அட்டை) எங்கே? இந்த நான்குக்கும் யோசிக்காமல் விடை சொல்ல முடிகிறவருக்குத் தளத்தில் பாதிச் சிக்கல் வருவதே இல்லை.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் பெயர். தமிழர்களுக்குத் தளத்தில் பேட்ஜ் தாமதமாக முக்கியக் காரணம் இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் ‘மு. செல்வம்’, பாஸ்போர்ட்டில் ‘செல்வம் முருகன்’, மருத்துவப் பரிசோதனைச் சீட்டில் ‘முருகன் செல்வம்’ என்று இருந்தால், பின்னணி சரிபார்க்கும் கணினிக்கு அது மூன்று ஆள். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ, அதையே விசா, மருத்துவம், போலீஸ் சான்றிதழ், வேலை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் போடச் சொல்லுங்கள். அச்சாகி வந்ததும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை கண்டால் விமானம் ஏறுவதற்கு முன் திருத்துவது சில நாள் வேலை. அங்கே போய்த் திருத்தினால் வாரக்கணக்கில் கேம்பில் சும்மா உட்கார நேரும்.

அடுத்தது பணம். இந்திய விதிப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஆனால் அமெரிக்க அரசு ஒப்பந்த வேலை என்றால் கணக்கே வேறு. ஆளெடுப்புக் கட்டணம் எதையும் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது அவர்களுடைய கொள்முதல் விதி. 2019 ஜனவரி முதல் அந்தக் கட்டணத்துக்கான விளக்கத்தில் விசா, மருத்துவப் பரிசோதனை, பயணச் செலவு போன்றவையும் சேர்ந்துவிட்டன. பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடுங்கி வைத்துக்கொள்வதும் அதே விதியில் தடை. ஒப்பந்தம் உங்களுக்குப் புரிகிற மொழியில் வேண்டும் என்று கேட்கவும் உரிமை உண்டு. லட்சங்களில் கேட்கும் ஏஜென்ட் இந்த விதியைப் பற்றிப் பேசமாட்டார். நீங்கள்தான் பேச வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ‘இசிஆர்’ வகை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் இந்திய அரசின் அனுமதி வேண்டும். குவைத், கத்தார், அமீரகம், சவூதி எல்லாம் அந்த நாடுகளின் பட்டியலில் வருவதால், ‘இ-மைக்ரேட்’ என்ற அரசுத் தளம் வழியான அனுமதியும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் இல்லாமல் கிளம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே மாற்றித் தருகிறேன் என்றால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். கசகசா பல வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் அரைத்த மசாலாப் பொட்டலத்தில் ஒரு ஸ்பூன் கலந்திருந்தாலும் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிரமடால் வலிமாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவையும் அப்படித்தான். தினசரி மருந்து எடுப்பவர் என்றால் மருந்தின் மூலப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு, கடை அட்டையிலேயே மாத்திரையைக் கொண்டு போங்கள். பிரித்து டப்பாவில் போட்டால் அது என்ன மாத்திரை என்று நிரூபிக்க வழியிருக்காது.

எல்லா ஆவணங்களுக்கும் மூன்று நகல்: ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில், ஒன்று உங்கள் மின்னஞ்சலில்.

கேட்டில்

முதல் பேட்ஜ் எடுக்கும் நாளில் கைரேகை, கண் பாவை, புகைப்படம் மூன்றும் பதிவாகும். பிறகு கேள்விகள்: எங்கே வேலை பார்த்தீர்கள், எந்த நாட்டுக்குப் போனீர்கள், ஊரில் வழக்கு ஏதும் உண்டா? பழைய கம்பெனியில் ஆறு மாதம்தான் இருந்தேன் என்பதால் ஒன்றும் ஆகாது. இரண்டு வருடம் என்று பொய் சொல்லி அடுத்த வருடப் புதுப்பித்தலில் ஒன்றரை வருடம் என்றால் பேட்ஜ் போய்விடும். கேள்வி புரியாவிட்டால் ‘புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் அருகில் இருந்தால் மொழிபெயர்க்கச் சொல்லலாம்.

இங்கே நம்மவர்கள் தெரியாமல் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. சரி என்பதற்கு நாம் தலையை இருபக்கமும் லேசாக அசைப்போம். அமெரிக்கக் காவலருக்கு அது ‘இல்லை’ என்றோ, மழுப்பல் என்றோ தெரியும். கேட்டில் தலையாட்டாதீர்கள்; ‘யெஸ்’, ‘நோ’ என்று வாயால் சொல்லுங்கள்.

வண்டியோடு நுழையும்போது வரிசை இப்படி இருக்கும். கான்கிரீட் தடுப்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து மெதுவாக வர வேண்டும். வேகமாக வரும் வண்டியைத் தடுக்கத்தான் அந்த வளைவு. இரவென்றால் முன்விளக்கை அணைத்து உள்விளக்கைப் போடுங்கள். நிறுத்தச் சொன்ன கோட்டில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். பானட், டிக்கி, எல்லாக் கதவுகள், கருவிப்பெட்டி, சீட்டுக்கு அடியில் இருக்கும் அறை எல்லாவற்றையும் நீங்களே திறந்து வைத்துவிட்டு, காட்டும் இடத்தில் போய் நிற்க வேண்டும். கைபேசியைத் தொடாதீர்கள். கைகள் தெரியும்படி இருக்கட்டும். மோப்ப நாய் வரும்போது அதைக் கூப்பிடவோ தடவவோ கூடாது.

லாரி திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களுக்குத்தான். கண்டெய்னர் சீல் எண் இன்வாய்ஸில் இருப்பதோடு பொருந்தாமல் இருக்கும். வழக்கமான டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்று பட்டியலில் பெயர் இல்லாதவர் வந்திருப்பார். கருவிப் பட்டியலில் எழுதாத கட்டர் கத்தி ஒன்று பையில் கிடக்கும். உள்ளே அழைத்துப்போக வேண்டிய எஸ்கார்ட் வந்திருக்கமாட்டார். அதனால் முந்தின இரவே சீல் எண்ணைப் படமெடுத்து இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். எஸ்கார்டுக்கு நேரத்தை உறுதிசெய்யுங்கள். கேட்டுக்கென்று இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே மாதிரி சோதனை இருக்காது. ஒரு நாள் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள், மறுநாள் வேறு கேட்டுக்கு அனுப்புவார்கள். வேவு பார்க்கிறவன் வழக்கத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே மாற்றுகிறார்கள்.

உள்ளே வேலை பார்ப்பவர்களையே ஏன் இவ்வளவு சோதிக்கிறார்கள் என்று மனம் நோகலாம். 2016 நவம்பர் 12 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தில் வெடி அங்கியோடு வந்தவர் வெளியாள் அல்ல, ஒப்பந்த வேலைக்கு உள்ளே இருந்தவர்தான். இறந்தவர்களில் ஒப்பந்தப் பணியாளர்களும் இருந்தார்கள். அந்தச் சோதனை உங்கள் உயிருக்கும் சேர்த்துத்தான்.

பேட்ஜ் இடுப்புக்கு மேல், வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். பிறருக்குக் கொடுக்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, படமெடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தொலைந்தால் அந்த நிமிடமே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். தேடிப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நாள் மறைப்பதுதான் வேலையைப் பறிக்கும்.

தளத்தின் எச்சரிக்கை நிலை ‘எஃப்பிகான்’ எனப்படும். நார்மல், ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று ஐந்து படி. கேட்டிலும் மெஸ் வாசலிலும் பலகை இருக்கும். போகிற போக்கில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். படி ஏறினால் வரிசை நீளும், வெளியே போகும் அனுமதி நிற்கும், வெளியிலிருந்து வரும் சாமான் தாமதமாகும்.

வெயில்

ராக்கெட்டைப் பற்றிப் பயந்துகொண்டு போகிறவர்கள் வெயிலைப் பற்றிப் போதுமான அளவு பயப்படுவதில்லை. தளத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் வெயில்தான். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானது. தமிழ்நாட்டு வெயிலில் வளர்ந்தவன், எனக்கென்ன என்று இறங்காதீர்கள். உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை. லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பியவருக்கும் இதே கணக்குதான். அந்த முதல் வாரத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

தளத்தில் வெயிலை அளப்பது சாதாரண வெப்பமானியால் அல்ல. காற்றின் ஈரம், நேர்வெயில், காற்றோட்டம் மூன்றையும் சேர்த்த ‘டபிள்யூபிஜிடி’ என்ற கணக்கு. அதனால்தான் கடலோரத்தில் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் 40 டிகிரி, உள்நாட்டு வறட்சியில் 47 டிகிரியைவிட மோசமாகிவிடுகிறது. வியர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அந்தக் கணக்குப்படி கொடி ஏற்றுவார்கள். 27.8 டிகிரியிலிருந்து பச்சை, 29.4 முதல் மஞ்சள், 31.1 முதல் சிவப்பு, 32.2க்கு மேல் கறுப்பு. கோடையில் மதியம் கறுப்புக் கொடி சாதாரணம்.

கறுப்புக் கொடியில், பழகிய உடம்புக்கே, லேசான வேலை என்றால் மணிக்கு 50 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு. நடுத்தர வேலை என்றால் 20க்கு 40. மூட்டை தூக்குதல், மண்வெட்டி போன்ற கனத்த வேலை என்றால் 10 நிமிடம் வேலை, 50 நிமிடம் ஓய்வு. ஓய்வு என்றால் நிழலில் உட்காருவது, லாரியில் ஏறிக் காத்திருப்பதல்ல. இந்த அட்டவணையை சூப்பர்வைசரும் அறிந்திருப்பார். அவசரத்தில் மறந்தால் பணிவாக நினைவூட்டுங்கள். உள்ளூர்ச் சட்டமும் துணை இருக்கிறது. வெட்டவெளி வேலைக்குக் கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரையும், குவைத்தில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை காலை 11 முதல் மாலை 4 வரையும் தடை உண்டு.

தண்ணீர் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர், கொஞ்சம் கொஞ்சமாக, 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள். ஆனால் உச்சவரம்பும் உண்டு. மணிக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறைவாகவும், ஒரு நாளைக்குச் சுமார் 11 லிட்டருக்குள்ளும் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரையே மளமளவென்று குடித்து, சாப்பாட்டைத் தவிர்த்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து கூடும். ஆகவே மூன்று வேளை சாப்பாட்டை விடாதீர்கள். பசியில்லை என்றாலும் மோர், ரசம், ஊறுகாய், உப்பு பிஸ்கட் என்று ஏதாவது உப்போடு உள்ளே போகட்டும். ஓஆர்எஸ் பொட்டலம் என்றால் ஒரு லிட்டருக்கு ஒன்று. அரை பாட்டிலில் முழுப் பொட்டலத்தைக் கொட்டாதீர்கள். இரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. டீ டிகாஷன் நிறத்துக்கு வந்தால் வேலையை நிறுத்துங்கள்.

பக்கத்தில் இருப்பவரைக் கவனிப்பது உங்கள் பொறுப்பு, ஏனென்றால் சூடு தலைக்கேறியவருக்குத் தான் தடுமாறுவது தெரியாது. சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கோபப்படுகிறார், தள்ளாடுகிறார் என்றால் ஊர், பெயர், கிழமை கேளுங்கள். பதில் பிசகினால் அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றிருக்கிறதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டாம். உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். உடனே நிழலுக்குத் தூக்குங்கள், சட்டையையும் பூட்ஸையும் கழற்றுங்கள், ஐஸ் தண்ணீரில் நனைத்த விரிப்புகளை உடம்பு முழுக்கப் போர்த்துங்கள். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை விரிப்பை மாற்றி நனையுங்கள், விசிறுங்கள். ஒருவர் இதைச் செய்ய இன்னொருவர் மருத்துவ எண்ணை அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று சும்மா இருப்பது கொல்லும். குளிரவைத்தல் முதலில், கொண்டுபோவது இரண்டாவது. நினைவு தடுமாறும் ஆளுக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். கோடையில் ஒவ்வொரு வேலையிடத்திலும் ஒரு ஐஸ் பெட்டியும் நான்கு பெட்ஷீட்டும் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

முழுக்கைச் சட்டை, தொப்பி அல்லது கழுத்துத் துணி. வெற்றுக்கையால் இரும்பைத் தொடாதீர்கள். வெயிலில் நின்ற கண்டெய்னரின் தாழ்ப்பாள் கையைப் பொசுக்கிவிடும்.

புழுதியும் பூச்சியும்

ஜூன், ஜூலையில் வடமேற்கிலிருந்து அடிக்கும் ‘ஷமால்’ காற்று நாள்கணக்கில் புழுதியைக் கிளப்பும். அடிவானம் பழுப்பாக எழும்பினால் பத்து நிமிடத்துக்குள் வேலையைக் கட்டிவிடுங்கள். தகரம், ஒட்டுப்பலகை, காலி அட்டைப்பெட்டி எல்லாம் கயிற்றால் இறுக்கப்பட வேண்டும். இறுக்கமான மூக்குக்கவசமும் பக்கம் மூடிய கண்ணாடியும் பையிலேயே இருக்கட்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் அங்கே மூக்குக்கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது. ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் சட்டைப்பையில், அறையில் அல்ல.

பூட்ஸைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். தேள் உள்ளே ஒதுங்கும். மணல் ஈ கொசுவைவிடச் சின்னது, சாதாரணக் கொசுவலைக் கண்ணில் நுழைந்துவிடும். அது பரப்பும் லீஷ்மேனியா புண் மாதக்கணக்கில் ஆறாது. பெர்மெத்ரின் தெளித்த நெருக்கமான வலை, தோலில் டீட் கலந்த மருந்து, மாலைக்கு மேல் முழுக்கை. தெருநாய்க்கும் பூனைக்கும் சோறு போடாதீர்கள். பாவம் பார்ப்பது புரிகிறது, ஆனால் வெறிநாய்க்கடிக்குத் தளத்தில் மிகவும் பயப்படுகிறார்கள், விதியும் தடுக்கிறது.

குவைத்தில் ஒன்று கூடுதல்: 1991 போரின் வெடிக்காத குண்டுகள் பாலைவனத்தில் இன்னும் கிடக்கின்றன. பாதையை விட்டு விலகாதீர்கள், உலோகமாக எதையும் பொறுக்காதீர்கள்.

ரன்வே பக்கம் வேலை என்றால்

விமானங்கள் நிற்கும் பகுதியைச் சுற்றித் தரையில் சிவப்புக் கோடு ஓடும். அதை நுழைவாயில் தவிர வேறெங்கும் தாண்டக் கூடாது. குறுக்கே போனால் இரண்டு நிமிடம் மிச்சம் என்று தாண்டியவரை, துப்பாக்கி முனையில் தரையில் படுக்கவைப்பார்கள். அந்தக் காவலருக்குச் சுட அதிகாரம் உண்டு என்று பலகையே சொல்கிறது. அப்படி மாட்டினால் ஓடாதீர்கள், பைக்குள் கைவிடாதீர்கள், சொன்னபடி படுங்கள், பிறகு பேசலாம்.

உள்ளே போகுமுன் வண்டியை நிறுத்தி நான்கு டயரிலும் சிக்கிய கல்லை எடுக்க வேண்டும். ஒரு சுற்றில் டயரின் தரையில் பதிந்த பகுதி தெரியாது; வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி பாருங்கள். ஒரு சின்ன நட்டு, ஒரு பேனா மூடி, ஒரு தொப்பி ஜெட் இன்ஜினுக்குள் போனால் விசிறித் தகடுகள் சிதையும். ‘ஃபாட்’ என்று அவர்கள் அடிக்கடி சொல்வது இந்தக் குப்பையைத்தான். தொப்பியைக் கழற்றி வையுங்கள், பேட்ஜ் கயிற்றைச் சட்டைக்குள் விடுங்கள், போன எண்ணிக்கையில் கருவிகள் திரும்ப வந்தனவா என்று எண்ணுங்கள். ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் உடனே சொல்லுங்கள். விமானத்தை நிறுத்திவைத்துத் தேடுவார்கள்; திட்டு விழலாம், ஆனால் விமானிகள் உயிரோடு இறங்குவார்கள்.

வேகம் பொதுவாக மணிக்கு 15 மைல், விமானத்தின் அருகே 5 மைல். இன்ஜின் ஓடும் விமானத்தின் முன்னால் 25 அடிக்குள்ளும் பின்னால் 200 அடிக்குள்ளும் போகாதீர்கள். காதுக்கு நுரை அடைப்பான்: விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம். இருட்டினால் ஒளிரும் பெல்ட் கட்டாயம்.

சைரன் ஒலித்தால்

தளங்களில் அறிவிப்பு வண்ணத்தால் சொல்லப்படும். பச்சை என்றால் தாக்குதல் எதிர்பார்க்கப்படவில்லை. மஞ்சள் என்றால் அரைமணிக்குள் வரலாம். சிவப்பு என்றால் வந்துகொண்டிருக்கிறது அல்லது நடக்கிறது. ஏறி இறங்கும் சைரன் ஒலி. கறுப்பு என்றால் தாக்குதல் முடிந்தது, ஆனால் வெடிக்காத குண்டோ நச்சோ கிடக்கலாம். ஒரே சீரான ஒலி. ராக்கெட், மோர்ட்டார் அருகில் இருந்து வரும் இடங்களில் ஒலிபெருக்கி ‘இன்கமிங், இன்கமிங், இன்கமிங்’ என்று கத்தும்.

அருகிலிருந்து வரும் ராக்கெட், தொலைவிலிருந்து வரும் ஏவுகணை இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. அருகிலிருந்து வரும் ராக்கெட்டுக்கு உங்களிடம் சில விநாடிகள்தான். இருந்த இடத்திலேயே குப்புற விழுங்கள், முகத்தை மண்ணில் புதைத்து, கைகளால் தலையின் பின்புறத்தை மூடுங்கள். வெடித்த சிதறல்கள் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும்தான் பாய்கின்றன. தரையோடு ஒட்டியவர் மேல் படும் வாய்ப்பு குறைவு. ஓடிக்கொண்டிருப்பவருக்குத்தான் முதலில் படும். முதல் வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு எழுந்து பங்கருக்கு ஓடுங்கள். தொலைவிலிருந்து வரும் ஏவுகணைக்கு எச்சரிக்கை நிமிடக்கணக்கில் கிடைக்கும். நேராகப் பங்கருக்குப் போங்கள், எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள்.

2020 ஜனவரி 8 அன்று ஈராக்கின் அய்ன் அல்-அசத் தளத்தில் ஈரானின் ஏவுகணைகள் விழுந்தபோது ஒருவரும் இறக்கவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்து ஒதுங்கியிருந்தார்கள். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளை அதிர்ச்சி பதிவானது. 2025 ஜூன் 23 அன்று அல் உதைத் தாக்கப்பட்டபோதும் முன்கூட்டியே ஆட்கள் அப்புறப்படுத்தப்பட்டிருந்ததால் உயிரிழப்பு இல்லை. 2024 ஜனவரி 28 அன்று ஜோர்தானில் ‘டவர் 22’ என்ற அமெரிக்க முகாமில் நடந்தது வேறு. ஒரு ட்ரோன் அதிகாலையில் தங்குமிடத்தின் மேல் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள்.

அதனால் பங்கருக்குப் போகும் வழியைப் பகலில் ஒருமுறை, இரவில் விளக்கில்லாமல் ஒருமுறை, நடந்து பாருங்கள். படுக்கையிலிருந்து எத்தனை அடி என்று எண்ணுங்கள். செருப்பு, டார்ச், பேட்ஜ், ஒரு பாட்டில் தண்ணீர் கட்டிலுக்கு அருகே ஒரே இடத்தில் இருக்கட்டும். பங்கர் என்பது பெரும்பாலும் கவிழ்த்துப்போட்ட ‘ப’ வடிவக் கான்கிரீட், இரு முனையிலும் மணல்மூட்டை. முனையில் உட்காராதீர்கள், நடுவுக்கு நகருங்கள். நுழையும்போது டார்ச்சால் தரையைப் பாருங்கள், நிழலுக்குப் பாம்பும் தேளும் அங்கேதான் ஒதுங்கும். குப்பைக் கிடங்காகவும் சிகரெட் பிடிக்கும் இடமாகவும் பங்கரை மாற்றாதீர்கள்.

அறையிலேயே மாட்டிக்கொண்டால் ஜன்னலை விட்டு விலகிக் கட்டிலுக்கு அடியில் படுங்கள். 1996 ஜூன் 25 அன்று சவூதியின் கோபார் டவர்ஸ் குடியிருப்பில் லாரிக் குண்டு வெடித்து 19 அமெரிக்க விமானப்படையினர் இறந்தார்கள். காயமடைந்த நூற்றுக்கணக்கானோரில் பலரைக் கிழித்தது பறந்த கண்ணாடிதான்.

‘ஆல் கிளியர்’ (ஆபத்து நீங்கியது) என்ற அறிவிப்பு வரும்வரை வெளியே தலைகாட்டாதீர்கள். இரண்டாவது சுற்று வருவதுண்டு. அந்த அறிவிப்பு வந்ததும் சூப்பர்வைசரிடம் போய்த் தலையெண்ணிக்கையில் பெயர் கொடுங்கள். நீங்கள் பத்திரமாக அறைக்குப் போய்த் தூங்கிவிட்டால், உங்களைத் தேடி இன்னொருவர் ஆபத்தில் நடப்பார். வழியில் சந்தேகமான பொருள் கிடந்தால் தொடாதீர்கள், அருகே நின்று ரேடியோவோ கைபேசியோ பயன்படுத்தாதீர்கள். வந்த வழியே பின்வாங்கி, இடத்தையும் வடிவத்தையும் சொல்லுங்கள், பிறர் போகாமல் தடுங்கள்.

வெடிப்பிலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தீர்களென்றால் காயமில்லாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். தலைவலி, காதிரைச்சல், வெளிச்சம் கூசுதல், மறதி ஆகியவை மறுநாள்கூட வரும். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி டூட்டிக்குப் போகாதீர்கள். அன்று பதிவாகாத காயத்துக்குப் பின்னால் நிவாரணம் பெறுவது மிகக் கடினம்.

கைபேசி

2018 ஜனவரியில், ஓட்டப்பயிற்சியைப் பதியும் ஸ்ட்ராவா செயலியின் உலக வரைபடத்தில் பாலைவனத் தளங்களின் உள்பாதைகள் வெளிச்சக் கோடாகத் தெரிந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், போர்ப்பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதியை அணைக்கும்படி பென்டகன் உத்தரவிட்டது. ஆகவே கேமரா, முகநூல், உடற்பயிற்சிச் செயலி ஒவ்வொன்றிலும் லொகேஷன் அனுமதியை நீக்குங்கள். ஸ்மார்ட் வாட்ச்சையும் மறக்காதீர்கள். விமானம், கேட், கோபுரம், பேட்ஜ் பின்னணியில் வரும் செல்ஃபி வேண்டாம். வாட்ஸப்பில் படத்தை ‘டாக்குமென்ட்’ஆக அனுப்பினால் அதனுள்ளே இருக்கும் இருப்பிடத் தகவலும் சேர்ந்தே போகும்.

தாக்குதலுக்குப் பிறகு வீட்டுக்குச் சொல்ல வேண்டியது ஒரே வரி: ‘நான் நலம்.’ எங்கே விழுந்தது, எத்தனை சேதம் என்று வீடியோ அனுப்பினால், அடுத்த முறை இலக்கைத் திருத்திக்கொள்ள உதவுகிறீர்கள். உள்ளூர்ச் சட்டத்தில் சிறையும் உண்டு. அனுமதி கிடைக்கும்வரை இணையத்தை மொத்தமாகவே துண்டிப்பார்கள். இரண்டு நாள் பேசவில்லை என்றால் பதற வேண்டாம் என்று வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள்.

அறை

தங்குவது பெரும்பாலும் 20 அடிக் கண்டெய்னர். அதில் இருக்கும் பெரிய ஆபத்து தீ. 120 வோல்ட், 240 வோல்ட் இரண்டு வகைப் பிளக்கும் தளத்தில் கலந்திருக்கும். அமெரிக்கச் சாதனத்தை 240இல் சொருகினால் கருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகாதீர்கள். அறையில் இன்டக்‌ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர் கூடாது. வீட்டுச் சாப்பாட்டு ஏக்கம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் கண்டெய்னர் சில நிமிடங்களில் எரிந்துவிடும், வெளியேற ஒரே கதவு. புகை எச்சரிப்பானின் பேட்டரியைக் கழற்றி ரிமோட்டில் போடாதீர்கள்.

ஏசி வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுங்கள், புழுதிக் காற்றுக்குப் பிறகு அன்றே கழுவுங்கள். அடைத்தால் சுருளில் ஐஸ் கட்டித் தண்ணீர் ஒழுகும். அது மின்பெட்டியில் இறங்கும். ‘நான்-போட்டபிள்’ என்று எழுதிய குழாய்த் தண்ணீர் குளிக்க மட்டும். பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீர்தான். நைட் ஷிஃப்ட் ஆள் பகலில் தூங்குகிறார் என்றால் கதவை மெதுவாகச் சாத்துங்கள். தூக்கம் கெட்டவர்தான் மறுநாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப்போகிறார். மது, சூதாட்டம், ஆபாசப் படம் ஆகியவற்றை ‘ஜெனரல் ஆர்டர் 1’ என்ற உத்தரவு பல தளங்களில் தடுக்கிறது. ஒப்பந்தப் பணியாளருக்கும் அது பொருந்தும்.

அடிபட்டால் காகிதம்

அமெரிக்க அரசு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் எந்த நாட்டவருக்கும் 1941ஆம் ஆண்டின் டிஃபென்ஸ் பேஸ் சட்டப்படி காப்பீடு இருக்க வேண்டும். கூலிப்பணியாளர், துணை ஒப்பந்தக்காரரின் ஆள் என்று பாகுபாடு இல்லை. வேலை செய்ய முடியாத காலத்துக்கு வாரச் சராசரிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும், மருத்துவச் செலவும் கிடைக்கும். காயத்தை 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் (படிவம் எல்எஸ்-201). உரிமைக்கோரிக்கை பொதுவாக ஓராண்டுக்குள் (எல்எஸ்-203). ஃபோர்மேனிடம் வாயால் சொன்னது போதாது. தேதி, நேரம், இடம், சாட்சி பெயர் எழுதி, ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். காப்பீட்டுக் கம்பெனியின் பெயர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். போன முதல் வாரமே படமெடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். இறப்பு நேர்ந்தால் அந்தப் பெயர் தெரியாமலேயே பல குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது பேட்ஜைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். குவைத்தில் தனியார் துறை விசாவில் இருப்பவர் 2025 ஜூலை முதல் வெளியேறும் அனுமதியை முன்பே எடுக்க வேண்டும். சம்பளச் சீட்டுகள், மருத்துவக் கோப்பின் நகல், காது கேட்கும் திறன் பரிசோதனை, அனுபவச் சான்றிதழ் எல்லாம் கைப்பையில் வரட்டும், லக்கேஜில் போடாதீர்கள்.